பொகோனியா ஆர்க்கிட்: பட்டியலில் ஒரு படி இறங்கியது காப்பாற்றியதாலா, தேடியதாலா?

கானகன்

ஆர்க்கிட் வளர்ப்புப் பகுதியில் போடாமல் இந்த இழையைக் காடுகள் பகுதியில் தொடங்குகிறேன். நான் பேசப்போவது தொட்டியில் வளர்க்கிற செடியைப் பற்றி அல்ல.

அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில், மெய்ன் மாநிலத்திலிருந்து ஜார்ஜியா வரை, அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும் தரை ஆர்க்கிட் ஒன்று உண்டு. தாவரவியல் பெயர் ஐசோட்ரியா மெடியோலாய்டிஸ். அங்கே பொகோனியா என்கிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரு சாண் உயரத்துக்குச் சாம்பல் பச்சைத் தண்டு, உச்சியில் வட்டமாக ஐந்தாறு இலைகள், அவற்றின் நடுவே மஞ்சள் கலந்த பச்சையில் ஒரு பூ. எப்போதாவது இரண்டு. கடையில் ஆர்க்கிட் வாங்கிப் பழகியவர்கள் பார்த்தால் 'இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்' என்றுதான் கேட்பார்கள்.

1982ல் இதை அமெரிக்கக் கூட்டரசு 'அழியும் நிலையில்' உள்ள இனமாகப் பட்டியலிட்டது. 1985ல் மீட்புத் திட்டம் வந்தது, 1992ல் அதைத் திருத்தினார்கள். 1994ல் ஒரு படி இறக்கி 'அச்சுறுத்தலில் உள்ள' இனம் என்று மாற்றினார்கள். பத்திரிகைகள் இதை வெற்றிக் கதையாக எழுதுவது வழக்கம். என் சந்தேகம் வேறு. பட்டியலில் சேர்த்தபோது தெரிந்த இடங்கள் மிகச் சில. பட்டியலில் சேர்ந்ததால் மாநிலங்களுக்குப் பணம் வந்தது. பணம் வந்ததும் ஆட்கள் காட்டுக்குள் போய்த் தேடினார்கள். தேடியதும் பல மடங்கு இடங்கள் கிடைத்தன. ஆக, செடி பெருகியதா, நம் கணக்குப் பெருகியதா?

அரசைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கண்டுபிடிக்காத செடியைக் காப்பாற்ற முடியாது, சரி. ஆனால் 'மீட்பு' என்று எதை எண்ணுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

மலர்விழி ரிச்மண்ட்

கானகன், இரண்டும்தான் என்று சொல்வேன். 1994ல் வெறும் எண்ணிக்கையை வைத்து இறக்கவில்லை. 1992 திட்டத்தில் நிபந்தனை போட்டிருந்தார்கள்: அப்போது தெரிந்த, பிழைத்து நிற்கக்கூடிய இடங்களில் 25 விழுக்காடாவது நிரந்தரப் பாதுகாப்புக்குள் வந்தால்தான் ஒரு படி இறக்கலாம். பட்டியலை விட்டே எடுக்க வேண்டுமானால் 75 விழுக்காடு, அதாவது 61 இடங்கள். அதுவும் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் செல்லாது. வடக்கே மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் பக்கத்து மலையடிவாரம். தெற்கே புளூ ரிட்ஜ் மலைகளின் கோடி. நடுவே வர்ஜீனியாவின் கடலோரச் சமவெளி. இந்த மூன்று வட்டாரங்களுக்கும் பங்கிட்டு இருக்க வேண்டும்.

'பிழைத்து நிற்கக்கூடிய இடம்' என்பதற்கும் வரையறை உண்டு. மூன்று ஆண்டுச் சராசரியில் இருபது தண்டாவது மண்ணுக்கு மேலே வர வேண்டும், அவற்றில் கால்வாசியாவது பூக்க வேண்டும். எனவே புதிதாக ஓர் இடத்தில் நாலு செடி கிடைத்தால் அது இந்தக் கணக்கில் வராது.

தோட்டக்காரி

இருபது தண்டா! ஒரு காட்டில் இருபது செடி இருந்தால் நல்ல கூட்டம் என்கிறார்களா? என் மாடியில் டெண்ட்ரோபியம் ஆர்க்கிட் அதைவிட அதிகம் இருக்கிறது :)

விளையாட்டுக்குச் சொன்னேன். எனக்கு ஒரு சந்தேகம். நாம் ஆய்வகத்தில் குப்பிக்குள் விதை முளைக்க வைத்து லட்சக்கணக்கில் நாற்று எடுக்கிறோம். தாய்லாந்துக்காரர்கள் வியாபாரமே அதுதான். இதையும் அப்படி எடுத்துக் காட்டில் கொண்டுபோய் நட்டால் தீர்ந்தது. பிறகு எதற்குச் சட்டம், திட்டம், விழுக்காடு?

கானகன்

தோட்டக்காரி அக்கா, சிக்கலே அங்கேதான். எல்லா ஆர்க்கிட் விதையும் தூசி மாதிரிதான், உள்ளே சேமித்த உணவு கிடையாது. முளைக்கும்போது மண்ணில் உள்ள பூஞ்சை ஊட்டினால்தான் உண்டு. நீங்கள் குப்பியில் சர்க்கரை கலந்த கூழ் ஊற்றி அந்தப் பூஞ்சையின் வேலையை நீங்களே செய்துவிடுகிறீர்கள். டெண்ட்ரோபியம் போன்றவை அதை ஏற்றுக்கொண்டு, அப்புறம் இலை விட்டுச் சொந்தமாகப் பிழைத்துக்கொள்ளும்.

பொகோனியா வளர்ந்த பிறகும் பூஞ்சையை விடுவதில்லை. அது சேரும் பூஞ்சைகள் ரூசுலா குடும்பத்தைச் சேர்ந்தவை. மழைக்குப் பிறகு சிவப்பும் ஊதாவுமாகக் குடை விரிக்கும் காட்டுக் காளான்கள் அந்தக் குடும்பம்தான். அவை மரவேர்களோடு ஒட்டி வாழ்பவை. மரம் வெயிலில் செய்த சர்க்கரை வேர் வழியே பூஞ்சைக்குப் போகிறது, பூஞ்சையிலிருந்து ஒரு பங்கு ஆர்க்கிட்டுக்கு வருகிறது. இந்தப் பூஞ்சைகளை ஆய்வகத் தட்டில் வளர்ப்பதே பெரும்பாடு, ஏனென்றால் மரம் இல்லாமல் அவற்றுக்கு வாழ்க்கை இல்லை. மேரிலாந்தில் எட்ஜ்வாட்டர் என்ற ஊரில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகளாக இந்தப் பூஞ்சைகளை மண்ணிலிருந்து மரபணு மூலம் அடையாளம் கண்டு, எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வருகிறார்கள். வட அமெரிக்க ஆர்க்கிட் பாதுகாப்பு மையம் என்ற அமைப்பும் 2012ல் அங்கிருந்துதான் தொடங்கியது. எல்லா உள்நாட்டு ஆர்க்கிட்டுகளின் விதையையும் பூஞ்சையையும் சேர்த்து வைப்பது அதன் வேலை. செடியை மட்டும் சேமித்தால் பாதிதான் சேமித்ததாகும் என்பது அவர்கள் கணக்கு.

இன்னொரு வினோதம். இந்தச் செடி சில ஆண்டுகள் தலையே காட்டாது. வேர்த்தண்டு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும், மேலே ஒன்றும் வராது. பிறகு ஒரு வசந்தத்தில் எழுந்து நிற்கும். அங்கே பூஞ்சை நிறைய இருந்தால் எழ வாய்ப்பு அதிகம். மலர்விழி சொன்ன மூன்று ஆண்டுச் சராசரி எதற்கு என்று இப்போது புரிகிறதா? ஒரே ஆண்டு போய் எண்ணினால் செத்ததும் தூங்குவதும் ஒன்றாகத்தான் தெரியும். என்னைக் கேட்டால் மூன்று ஆண்டும் போதாது. ஐந்து ஆண்டாவது வேண்டும்.

வக்கீல் வண்டு

உயிரியலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், சட்டப் பக்கம் நான் வருகிறேன். பலருக்கும் தெரியாத ஓட்டை ஒன்று இதில் இருக்கிறது.

1973ல் வந்த அமெரிக்க அழியும் இனங்கள் சட்டத்தில் விலங்குக்கு ஒரு நீதி, செடிக்கு ஒரு நீதி. பட்டியலில் உள்ள பறவையையோ ஆமையையோ உங்கள் சொந்த நிலத்திலேயே கொன்றாலும் குற்றம். செடி அப்படி இல்லை. ஒன்பதாம் பிரிவின்படி கூட்டரசு நிலத்தில் பிடுங்கினால் குற்றம். மற்ற இடங்களில், மாநிலச் சட்டத்தை மீறித் தெரிந்தே அழித்தாலோ, அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி நுழைந்து பிடுங்கினாலோ குற்றம். இந்தப் பின்பகுதியே 1988 திருத்தத்தில்தான் வந்தது. நிலத்துக்காரர் தன் காட்டில் நிற்கும் பொகோனியா மேல் புல்டோசர் விட்டால்? மாநிலச் சட்டம் தடுக்காவிட்டால் கூட்டரசு ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் இப்படி? காட்டு விலங்கு பொதுச்சொத்து, நிலத்தில் முளைத்தது நிலத்துக்காரன் சொத்து என்ற பழைய ஆங்கிலேயச் சட்ட மரபு. அதைத் தொட அங்கே எந்த அரசியல்வாதிக்கும் துணிச்சல் இல்லை.

ஆனால் ஏழாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, உண்மையில் வேலை செய்வது அதுதான். கூட்டரசு அமைப்பு எதுவும் தான் செய்கிற, பணம் கொடுக்கிற, அனுமதி தருகிற வேலையால் பட்டியலில் உள்ள இனம் அழியாது என்று உறுதிசெய்ய வேண்டும். அதற்கு மீன் மற்றும் வனவிலங்குத் துறையைக் கலந்தாக வேண்டும். இதில் செடி, விலங்கு பேதம் கிடையாது. வீட்டுமனை போடுபவர் ஓடையையோ சதுப்பையோ மூட வேண்டுமானால் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி தேவை. அனுமதி என்றதும் ஏழாம் பிரிவு உள்ளே வந்துவிடும். பொகோனியா நிற்கிற இடமும் பெரும்பாலும் சிற்றோடைகளுக்கு மேலே உள்ள மென்சரிவுதான், அதனால் ஓடையைத் தேடிப் போகிற சட்டம் செடியையும் பார்த்துவிடுகிறது. ஓடையைத் தொடாமல் மேட்டில் மட்டும் வீடு கட்டினால் செடி அதோகதி.

மலர்விழி ரிச்மண்ட்

வண்டு சொல்வது வர்ஜீனியாவில் நடைமுறையாகவே இருக்கிறது. அனுமதி கேட்கும் இடம் பொகோனியாவுக்கு ஏற்ற காடு என்றால் செடி தெரியும் பருவத்தில் தகுதியுள்ள தாவரவியலாளர் வந்து நடந்து பார்க்க வேண்டும். பனிக்காலத்தில் பார்த்து 'இல்லை' என்று எழுதித் தர முடியாது. பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான். மனை வியாபாரிகளுக்கு இந்தப் பூவின் மேல் அவ்வளவு கோபம் வர இதுவும் காரணம்.

இன்னொரு வேடிக்கை: இந்த மாநிலத்தில் பொகோனியாவுக்கு நல்ல அடைக்கலம் தருவதில் ஏ.பி. ஹில் ராணுவத் தளமும் ஒன்று. குண்டு போட்டுப் பழகும் இடம்! கூட்டரசு நிலம் என்பதால் ஒன்பதாம் பிரிவும் ஏழாம் பிரிவும் முழுதாகச் செல்லும், வீட்டுமனை வராது, வெளியாள் உள்ளே போக முடியாது. பிரின்ஸ் வில்லியம் காட்டுப் பூங்காவிலும் இருக்கிறது, அது தேசியப் பூங்காத் துறையின் நிலம்.

லங்காஷயர் தமிழ்

பிரிட்டனில் கதை தலைகீழ். 1981ல் வந்த வனவிலங்கு, கிராமப்புறச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள செடியை வேண்டுமென்றே பறித்தால் நிலத்துக்காரரும் குற்றவாளிதான். விற்பதும் குற்றம். (சட்டப்படி செய்யும் வேறு வேலையில் தவிர்க்க முடியாமல் அழிந்தால் விலக்கு உண்டு, அங்கேயும் சந்து இருக்கிறது.)

அப்படிப்பட்ட சட்டம் வருவதற்குள் இங்கே அநேகமாக எல்லாம் முடிந்துவிட்டது. லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட், சிப்ரிபீடியம் கால்சியோலஸ், வடக்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறைக் காடுகளில் இருந்தது. தோட்டத்துக்கென்று வேரோடு பிடுங்கிப் பிடுங்கி 1917ல் 'அற்றுப்போனது' என்று அறிவித்தார்கள். 1930ல் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் ஒரே ஒரு செடி தென்பட்டது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அந்த இடத்தை ரகசியமாக வைத்துக் காவல் காத்தார்கள். 1983ல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் விதையிலிருந்து நாற்று எடுக்கும் ஆராய்ச்சி தொடங்கியது. 1990களில் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இனமீட்புத் திட்டம் கொண்டுவந்து பழைய இடங்களில் திரும்ப நட்டது. திரும்ப நட்ட செடி முதன்முதலில் பூத்தது 2000ல். நட்ட இடத்தில் விதை விழுந்து தானாக முளைத்த இளஞ்செடி கிடைத்ததாகச் செய்தி வந்தது 2024ல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆராய்ச்சி தொடங்கி நாற்பது ஆண்டு. எந்த அமைச்சரின் பதவிக்காலத்துக்குள் இது அடங்கும்?

வைகைக்கரை

எல்லாம் படித்தேன். எனக்கு ஒத்துவராதது இந்த ரகசியம்தான். மக்கள் வரிப்பணத்தில் காப்பாற்றுகிறீர்கள், ஆனால் எங்கே இருக்கிறது என்று மக்களிடம் சொல்ல மாட்டீர்கள். பக்கத்து ஊர்க்காரனுக்கே தெரியாத செடிக்காக அவன் எப்படிக் குரல் கொடுப்பான்? சாலை போட வரும்போது 'இங்கே அப்படி ஒன்று இருக்கிறதா' என்றுதான் கேட்பான். யானைக்கும் புலிக்கும் ஊரே பேசுகிறது. இதற்கு யார் பேசுவது?

லங்காஷயர் தமிழ்

நியாயமான கேள்வி. ஆனால் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சில்வர்டேல் என்ற ஊரின் கோல்ஃப் மைதானத்தில் ஒரு லேடீஸ் ஸ்லிப்பர் செடி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் நின்றது. 2004ல் யாரோ அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிறகு பூக்கும் பருவத்தில் போலீஸ் ரோந்து போகிற நிலை. பூவுக்குப் போலீஸ் காவல் என்று உலகம் முழுக்கச் சிரிப்புச் செய்தி ஆனது.

இப்போது நடுவழி ஒன்று பிடித்திருக்கிறார்கள். பழைய காட்டுச்செடியின் இடம் ரகசியம். கியூவில் வளர்த்த நாற்றுகளைக் கெயிட் பாரோஸ் காப்பகத்தில் பொதுமக்கள் பார்க்கவென்றே நட்டார்கள். பார்க்க ஆசைப்படுகிறவர் அங்கே போகலாம், ரகசியத்தைத் துருவ வேண்டியதில்லை.

வக்கீல் வண்டு

பொகோனியாவுக்கு அந்த நடுவழி கிடையாது, ஏனென்றால் காட்டிவைக்க வளர்ப்புச்செடி இல்லை. அமெரிக்காவில் பட்டியலிடும்போது 'முக்கிய வாழிடம்' என்று வரைபடம் போட்டு அறிவிப்பது வழக்கம். பொகோனியாவுக்கு அதைச் செய்யவில்லை. வரைபடம் போட்டால் திருடனுக்கு வழிகாட்டியாகிவிடும் என்ற பயம். வைகைக்கரை கேட்பதில் பாதி சரி. இடத்தைச் சொல்லாமல் 'உங்கள் மாவட்டத்தில் இருக்கிறது' என்ற அளவுக்காவது சொல்லலாம், பல மாநிலங்கள் அப்படித்தான் செய்கின்றன.

பொதிகைச்சாரல்

திருட்டு என்றதும் நம் ஊர் நினைவு வருகிறது, அதனால் நுழைகிறேன். அகத்தியமலையில் மட்டும் இருக்கும் பாஃபியோபெடிலம் ட்ரூரி. தென்னிந்தியாவின் ஒரே லேடீஸ் ஸ்லிப்பர் வகை. 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை, 1970களில் மறுபடி கிடைத்தது. கிடைத்த சேதி பரவியதும் சேகரிப்பாளர்கள் மலையைச் சுரண்டிவிட்டார்கள். ரகசியம் வேண்டாம் என்பவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

நம் சட்டமும் வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செடிகளுக்கென்று தனி அத்தியாயம் 1991ல்தான் சேர்ந்தது. லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகள், நீல வாண்டா, சிவப்பு வாண்டா, குடுவைச்செடி என்று மிகச் சிறிய பட்டியல். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது மூன்றாம் அட்டவணை. அனுமதியில்லாமல் வளர்ப்பதுகூடக் குற்றம், வண்டு சரிபார்க்கட்டும். காட்டு ட்ரூரியின் உலக வணிகத்துக்கும், அரிய இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் தடை.

ஆனால் 1992ல் அமெரிக்கர்கள் எழுதிய மாதிரி 'இத்தனை இடம், இத்தனை தண்டு, மூன்று ஆண்டுச் சராசரி' என்று இலக்கு வைத்து நடத்தினால்தானே மீட்பு? பிடுங்காதே என்று சொல்வது மட்டும் மீட்பு ஆகுமா? கானகனின் கேள்வியை நான் இப்படித்தான் திருப்பிப் போடுவேன்.

வக்கீல் வண்டு

வளர்ப்பது பற்றிச் சொன்னது சரி, 17சி பிரிவு. பிடுங்குவதைத் தடுக்கும் 17ஏ வன நிலத்துக்கும், அரசு அறிவிக்கும் பகுதிக்கும் மட்டும்தான். தனியார் நிலம் என்று வந்தால் நம் சட்டமும் அமெரிக்காவைப் போலத்தான் தயங்குகிறது.

கானகன்

பொதிகை, கேள்வியை என்னைவிட நன்றாகக் கேட்டீர்கள். அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நிலத்தை வாங்கி வேலி போட்டு 'பாதுகாத்தாயிற்று' என்று எழுதினாலும் பொகோனியா குறையலாம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் இது நிற்கும் காடுகள் பல, ஒரு காலத்தில் விவசாயிகள் கைவிட்ட வயல்கள். மரங்கள் திரும்ப முளைத்து, ஒரு கட்டத்தில் வெயில் கொஞ்சம் கசிந்து விழும் இளங்காடாக இருந்தபோது பொகோனியாவுக்குத் தோதாக இருந்தது. இப்போது மேலே விதானம் மூடிக்கொண்டு வருகிறது. நிழல் கூடக் கூடச் செடி சிறுக்கிறது, பூப்பது நிற்கிறது, கடைசியில் மண்ணுக்குள் போய்விடுகிறது. அங்குள்ள தாவரவியலாளர்கள் சில இடங்களில் சுற்றியுள்ள மரங்களைக் கொஞ்சம் கழித்து விட்டுப் பார்த்தார்கள். தண்டு பெருத்தது, பூ கூடியது. 2011ல் முடிவை வெளியிட்டார்கள்.

தோட்டக்காரி

இருங்கள், இருங்கள். மரவேரில்தான் பூஞ்சை, பூஞ்சையில்தான் ஆர்க்கிட் என்றீர்கள். இப்போது மரத்தை வெட்டு என்கிறீர்களே?

கானகன்

அதனால்தான் 'கொஞ்சம்'. மொட்டையடித்தால் பூஞ்சையும் போகும், மண்ணும் காயும். நாலு மரத்தில் ஒன்றை எடுப்பதா, எதை எடுப்பது என்பதெல்லாம் அந்தந்த இடம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. பாதுகாக்கப்பட்ட காட்டில் அரசு ஆளே கோடரியோடு போனால் ஊரில் என்ன பேச்சு வரும் என்று யோசித்துப் பாருங்கள். வைகைக்கரை சொன்ன 'மக்களிடம் சொல்லு' என்பது இங்கேதான் உண்மையில் தேவைப்படுகிறது.

மலர்விழி ரிச்மண்ட்

வெளிச்சம் வந்தால் மானும் வரும். கிழக்கு மாநிலங்களில் வெள்ளைவால் மான் ஏகத்துக்குப் பெருகிவிட்டது. ஒரு செடிக்கு ஓர் ஆண்டில் ஒரே தண்டுதான், மான் அதைக் கடித்தால் அந்த ஆண்டு முடிந்தது. பல இடங்களில் ஒவ்வொரு செடிக்கும் கம்பிவலைக் கூண்டு வைக்கிறார்கள். நல்லவேளை, இந்தச் செடிக்கு வண்டு தேட வேண்டாம். தேனும் இல்லை, வாசனையும் இல்லை, பூ தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். கூண்டு வைத்தாலும் காய் பிடிக்கும்.

வக்கீல் வண்டு

என்னைத் தேவையில்லை என்கிறார் :)

வைகைக்கரை

சரி, ரகசியம் பற்றி நான் சொன்னதில் பாதியை விட்டுத் தருகிறேன். மறுபாதியை விட மாட்டேன். கூண்டு வைக்கவும், தண்டு எண்ணவும், மரம் கழிக்கவும் ஆள் வேண்டும். அமெரிக்காவில் தன்னார்வலர் வருகிறார்கள் என்றால் யாரோ அவர்களை நம்பி இடத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அகத்தியமலையில் காணிப் பழங்குடி மக்களைவிடக் காட்டை அறிந்தவர் யார்? அவர்களை நம்பி ஆண்டுதோறும் எண்ணும் வேலையைக் கூலி கொடுத்து ஒப்படைத்தால் பொதிகை கேட்ட இலக்கு வைக்கலாம்.

பொதிகைச்சாரல்

இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கூலி மட்டும் அல்ல, எண்ணிய கணக்கில் அவர்கள் பெயரும் வர வேண்டும்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது, ஒரு குறுக்கீடு. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் மலையேற்றத்தில் எடுத்த தரை ஆர்க்கிட் படங்களை இங்கே போட்டிருந்தார். படக் கோப்பில் இடக்குறிப்பு அப்படியே இருந்தது, பாதைப் பெயரும் எழுதியிருந்தார். இரண்டையும் நீக்கிவிட்டேன், படங்கள் அப்படியே இருக்கின்றன. அவருக்குத் தனிமடலும் அனுப்பியிருக்கிறேன். இனி அரிய செடி எதையாவது பார்த்தால் இலை, பூ, தண்டு தெரியும்படி படம் எடுத்து, இடக்குறிப்பை அகற்றிவிட்டு, மாவட்ட அளவில் மட்டும் சொல்லுங்கள். சரியான இடத்தை வனத்துறைக்கோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்கோ நேரடியாகத் தெரிவியுங்கள். அமெரிக்காவில் உள்ளவர்கள் தங்கள் மாநிலத்தின் இயற்கை மரபுத் திட்ட அலுவலகத்துக்கு எழுதலாம்.

கானகன்

நன்றி நெறியாளர். அந்தப் படத்தில் இருப்பது ஹாபெனேரியா என்ற தரை ஆர்க்கிட் மாதிரித் தெரிகிறது. பூவின் உதடு போன்ற கீழ் இதழின் பிளவைப் பக்கவாட்டில் எடுத்த படம் இருந்தால் போடச் சொல்லுங்கள், தனி இழையில் பார்ப்போம்.